ஊழியத்தை விட்டு வேலைக்குப் போவது பின்வாங்குதல் அல்ல

வரும் ஜூனிலிருந்து என் கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார். பெங்களூரில் கல்லூரி மாணவர்கள் நடுவே நாங்கள் இருவரும் சேர்ந்து செய்துவந்த முழுநேரக் கிறிஸ்தவ ஊழியம் இந்தக் கல்வியாண்டோடு முடிகிறது. விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து போன் மேல் போன். நிறையப் பேர் எங்களோடு சேர்ந்து ஜெபித்தார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஏன் பின்வாங்கிவிட்டீர்கள்? நாங்கள் மதிக்கும் பெரியவர் ஒருவர், கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்ற லூக்கா 9-ஆம் அதிகார வசனத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கல்லூரி ஊழியம் என்றதும் பலருக்கு மேடையும் கிடாரும் இளைஞர் முகாமும்தான் நினைவுக்கு வரும். அவை வருடத்தில் சில நாட்கள். மற்ற நாளெல்லாம் காண்டீனிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து ஒரு மாணவன் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. நம் நாட்டில் இது நேற்று வந்ததும் இல்லை. மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-இல் தொடங்கியது, அதன் தலைமையகம் இன்றும் இதே பெங்களூரில் மிஷன் ரோட்டில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘இ.யு.’ என்று சொல்வார்களே, அந்தக் குழுக்களுக்குத் தாய் அமைப்பான யு.இ.எஸ்.ஐ. 1954-இல் உருவானது. நாங்கள் இருந்தது வேறொரு சின்னக் குழு. ஆனால் அடிப்படை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கல்லூரிக்குள் சாட்சியாக நிற்க வேண்டியவர்கள் மாணவர்களே. வேதபாடம் நடத்துவதும் ஜெபக்குழு கூட்டுவதும் அவர்கள் பொறுப்பு. ஊழியர் கூட நிற்பவர், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊழியமே போகிறவர்களை வைத்து நடப்பது. மூன்று வருஷம், மிஞ்சினால் நாலு வருஷம், அதற்குள் ஒரு பிள்ளை வருகிறான், கேள்வி கேட்கிறான், சண்டை போடுகிறான், வளருகிறான், ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறான். நல்ல தலைவனாக வந்தவனைக் கடைசி செமஸ்டரில் கண்ணீரோடு அனுப்பிவைக்கிறோம். பொறுப்பை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போ என்று நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். இதை மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊழியர் குடும்பம் மட்டும் சாகும்வரை அதே நாற்காலியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

லிங்கராஜபுரத்தில் எங்களுடையது மாடி வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் படிக்கட்டு முழுக்கச் செருப்பாக இருக்கும். கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் ஆன்ட்டி முதலில் முகம் சுளித்தார். கூட்டம் போடுகிறீர்களா, மதம் மாற்றுகிறீர்களா என்று கேட்டார். ஒளிவுமறைவு இல்லாமல் மேலே கூப்பிட்டு உட்கார வைத்தோம். பி.ஜி. விடுதிச் சாப்பாடு தின்று நாக்கு செத்துப்போன பிள்ளைகள் சாம்பாரையும் அவித்த முட்டையையும் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அவரே ஒரு தூக்குச் சட்டியில் பிசிபேளேபாத் அனுப்பினார். தூத்துக்குடிப் பிள்ளையும் மிசோரம் பிள்ளையும் குண்டூர்ப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷம் படிப்பது இந்த ஊரில்தான் நடக்கும். கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) பிள்ளைகள் மட்டும் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து ஓடுவார்கள். என் கணவரும் அந்த ஊர்க்காரர் என்பதால் அவர்களுக்கு முதல் பந்தி.

2023 மே மாதத்தை என்னால் மறக்க முடியாது. மே 3-ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் வெடித்தது, அங்கே இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் குழுவில் அந்த மாநிலத்துச் சூராசாந்த்பூரைச் சேர்ந்த குக்கி இனப் பெண் ஒருத்தி இருந்தாள். தேர்வு நேரம். காலையில் புத்தகப் பையோடு வந்தவள் சமையலறைத் தரையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறாள், லைன் போகவே இல்லை. அவளுக்கு வேதவசனம் சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ரசம் வைத்தேன். என் சின்ன மகள் அவள் தோளில் சாய்ந்து கலர் பென்சிலை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் லைன் கிடைத்தது. அம்மா காட்டுப் பக்கம் சொந்தக்காரர்களோடு இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் போனை என் கையில் கொடுத்தாள். அந்த அம்மாவின் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது, ஆனாலும் பேசினோம். அன்று ராத்திரி அவள் எங்கள் வீட்டிலேயே தங்கினாள், அப்புறம் விடுமுறை முழுக்கவும்.

அன்று அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு வீடு. அடுப்பும் பிள்ளையும் சண்டையும் சமாதானமும் உள்ள சாதாரண வீடு. குடும்பத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஊழியம் செய் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கல்லூரி ஊழியத்தில் பாதி நடப்பது வீட்டுக்குள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் எப்படி மதிக்கிறார்கள், காசு இல்லாத வாரத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்யாண விஷயத்தில் அவர்கள் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்துவுக்குள் பேதமில்லை என்று வேதபாடத்தில் படித்துவிட்டு, வீட்டில் சாதி பார்த்து வரன் தேடும்போது அழுதுகொண்டு வரும் பெண்பிள்ளைகளுக்கு என் சமையலறைதான் ஆலோசனை அறை.

அப்படியானால் அந்த வீட்டைக் காப்பதும் ஊழியம்தானே? என் மாமனார் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது, சுரங்கத் தூசி மட்டும் நுரையீரலில் தங்கிவிட்டது. சிலிக்கோசிஸ் என்று டாக்டர் சொல்கிறார். மாடிப்படி ஏற முடியவில்லை, ராத்திரியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். அவரை எங்களோடு கூட்டி வர வேண்டும், அதற்குத் தரைத்தள வீடு வேண்டும், ஆக்சிஜன் மெஷின் வேண்டும். மூத்தவள் ஹைஸ்கூலுக்குப் போகிறாள். ஆதரவாளர்கள் மாதாமாதம் அனுப்பிய காணிக்கையில் கர்த்தர் எங்களை ஒருநாளும் பட்டினி போடவில்லை, இதை எங்கேயும் சாட்சியாகச் சொல்வேன். ஆனால் விதவைத் தாய் ஒருவர் தன் பென்ஷனிலிருந்து அனுப்பும் காணிக்கையை வைத்துக்கொண்டு, வேலை செய்யத் தெம்புள்ள மகன் தன் தகப்பனுக்கு மருந்து வாங்குவதில் எங்கள் இருவருக்குமே மனம் ஒப்பவில்லை. தன் வீட்டாரை விசாரிக்காதவனைப் பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறார் என்று 1 தீமோத்தேயு 5-ஐ எடுத்துப் பாருங்கள். லூக்கா 9-ஐ அனுப்புகிறவர்கள் ஏன் அதை அனுப்புவதில்லை?

வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமை விட்டுப் போகச் சொன்னதால் கொரிந்துவுக்கு வந்தவர்கள். கூடாரம் பண்ணுவது தொழில். பவுலைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு கூடவே வேலை செய்தார்கள். அப்புறம் எபேசுவுக்குப் போனார்கள். அங்கே அப்பொல்லோ என்ற படித்தவர் ஒருவர் ஜெப ஆலயத்தில் பேசுவதைக் கேட்டு, அவரைத் தங்களிடம் அழைத்துத் தேவனுடைய மார்க்கத்தைத் தெளிவாக விளக்கினார்கள். கல்லூரி ஊழியம் என்பது இதுவேதான். ரோமருக்கு எழுதும்போது பார்த்தால் மறுபடி ரோமில் இருக்கிறார்கள், வீட்டிலேயே சபை கூடுகிறது. ஊர் மாறினார்கள், சூழ்நிலை மாறியது, தொழில் கூடவே வந்தது. அவர்களைப் பின்வாங்கியவர்கள் என்று யாராவது சொல்வோமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் வரும் இடமெல்லாம் சேர்ந்தேதான் வருகிறது. ரோமர் நிருபத்தில் மனைவியின் பெயர் முதலில்.

நமது நிலைமை என்ன? பல இடங்களில் ஊழியர் என்றால் கணவர், மனைவி ‘ஊழியரின் மனைவி’. பெண்கள் ஹாஸ்டலுக்குப் போவது அவள், முகாமில் சமையலுக்கு நிற்பது அவள், நடுராத்திரி போனை எடுப்பது அவள். அறிக்கையில் அவள் பெயர் இருக்காது. புதிதாக இந்த ஊழியத்துக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன், வாருங்கள், இதைவிட நிறைவான வேலை எனக்குத் தெரியாது. ஆனால் சேரும்போதே உங்கள் பெயரையும் பொறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் கதவு உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அது திங்கட்கிழமை. எந்த மாணவனும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

சபைகளும் ஒன்று செய்யலாம். அர்ப்பணிப்பு ஆராதனை வைத்து, கை வைத்து ஜெபித்து அனுப்புகிறீர்கள். ஒரு குடும்பம் முழுநேர ஊழியத்திலிருந்து வேலைக்குத் திரும்பும்போதும் அதே பீடத்துக்கு முன் நிற்க வைத்து ஜெபியுங்கள். இரண்டு வருஷமோ இருபது வருஷமோ, வந்தவர்களை நன்றியோடு அனுப்பினால், வெளியே வர நினைத்தும் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து உள்ளுக்குள் காய்ந்துபோகும் எத்தனையோ ஊழியர்கள் பிழைப்பார்கள். வருவதற்குத் தயங்கும் இளந்தம்பதிகளும் துணிந்து வருவார்கள்.

எங்கள் ஆதரவாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதத்திலிருந்து எங்களுக்கு அனுப்ப வேண்டாம். எங்களுக்குப் பதில் வருவது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, இருவர் பெயரிலும் நியமனக் கடிதம் வாங்கியாயிற்று. லிங்கராஜபுரம் வீட்டையே அவர்களுக்குத் தர ஓனர் ஆன்ட்டி சம்மதித்துவிட்டார், அட்வான்ஸ் தொகைதான் இன்னும் முழுசாகச் சேரவில்லை. முடிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், அவர்களோடு பேச வைக்கிறேன்.