ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள்

பில் வரும் நேரம் பார்த்துக் கைபேசியோடு வெளியே நழுவுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. இவர்களுக்கு அதுவே பழக்கம். ஆங்கிலத்தில் இவர்களைப் ‘பாரசைட்’, அதாவது ஒட்டுண்ணி என்பார்கள். கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் பக்கத்தில், ‘சிட்டோஸ்’ என்றால் தானியம், உணவு. பண்டைய ஏதென்ஸில் கோயில் விருந்தில் உண்ணும் உரிமை பெற்ற மதிப்புக்குரியவர்களுக்கும் இதுவே பெயர்! பிறகு கிரேக்க நகைச்சுவை நாடகங்கள் அதை முகத்துதி பாடி வயிறு வளர்ப்பவனுக்குச் சூட்டின. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது மனிதனைத்தான் குறித்தது. ஒட்டி வாழும் பூச்சிக்கும் செடிக்கும் அந்தப் பெயர் பிற்பாடுதான் போனது. உண்ணிக்காவது வேறு வழியில்லை. சம்பாதிக்கிற மனிதருக்கு என்ன கேடு? “அடுத்த முறை நான் தருகிறேன்” என்பதை இனி நம்புவதாக இல்லை. பங்கை முதலிலேயே கேட்டு வாங்கிவிடப் போகிறேன்.