தாயைத் தேடினீங்களோ?

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. குசினி மேசையில ஷூப் பெட்டி, அதுக்குள்ள மூண்டு ரக்கூன் குட்டி, ஒண்டை மல்லாக்கப் பிடிச்சுப் பசுப்பால் பருக்கல். கீழ நூறு பேர் "எவ்வளவு நல்ல மனசு" எண்டு எழுதியிருக்கினம். நல்ல மனசுதான். வீடியோ போட்டவர் தாயைத் தேடினாரோ எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை.

ரொறன்ரோவில ஏப்ரல், மே மாசத்தில கூரைக்குள்ள குட்டி கத்தினால் அது அநாதை எண்டு அர்த்தம் இல்லை. தாய் தீன் தேடிப் போயிருக்கும். இல்லாட்டி நீங்களே ஆள் பிடிச்சு, தாயைக் கூண்டில ஏத்தி எங்கயோ விட்டுட்டு, ஓட்டையையும் அடைச்சிருப்பியள். பிறகு கூரைக்குள்ள சத்தம். அப்ப அநாதை ஆக்கினது ஆர்? பிடிச்ச மிருகத்தை 1 கிலோமீற்றருக்கு அங்கால விடக் கூடாது எண்டு ஒன்ராறியோவில சட்டமே இருக்கு.

தாயைத் தேடுறது பெரிய வித்தை இல்லை. தடிச்ச கையுறை போட்டுக் குட்டியளை ஒரு பெட்டியில வையுங்கோ. துவாயில சுத்தின சுடுதண்ணிப் போத்தல் ஒண்டு பக்கத்தில. பொழுது பட, கண்ட இடத்துக்குக் கிட்ட வைச்சு, நாயை உள்ள எடுத்து, விளக்கை அணைச்சுட்டு விலகுங்கோ. தாய் ஒவ்வொண்டாத்தான் கவ்விக்கொண்டு போகும். ரெண்டு போய் ஒண்டு மிஞ்சிக் கிடந்தா ஓடிப்போய்த் தூக்காதேங்கோ, விடியுமட்டும் விடுங்கோ. மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது எண்டது வெறும் கதை.

"தாய் செத்துக் கிடந்தா என்ன செய்யிறது?" நியாயமான கேள்வி. அப்பவும் முதல் வேலை பால் இல்லை, சூடு. உடம்பு குளிர்ந்த குட்டிக்குச் சமிக்காது. சூடேறின பிறகு ஜீவனி (ORS) மாதிரி உப்புச்சத்து நீர், அதுக்குப் பிறகுதான் பூனைக்குட்டிப் பால்மா. முதலில ஐதா, பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தடிப்பா. 100 கிராம் நிறைக்கு ஒரு நேரத்துக்கு 5 மில்லிலீற்றர். பாவம் எண்டு கூடக் குடுத்தால் வயித்தால போகும், பசுப்பாலுக்கும் அதேதான். குட்டி வயிறு கீழ இருக்கக் குப்புறப் படுத்தே குடிக்கோணும். மல்லாக்கப் பிடிச்சால் பால் நுரையீரலுக்குப் போய் நியுமோனியா. மூக்கால பால் வந்தால் சூப்பி ஓட்டை பெரிசு. மூண்டு கிழமை வரைக்கும் கண் திறக்காது, தானா மூத்திரமும் போகாது. ஒவ்வொரு முறை பால் குடுக்கேக்கையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால அடிப்பக்கத்தைத் தடவி எடுக்கோணும். வீடியோவில பஞ்சைக் காணேல்லை.

"உனக்குப் பொறாமை" எண்டு ஒராள் எழுதுவார், தெரியும். எழுதட்டும்.

"அன்பா வீட்டில வளர்த்தால் என்ன குறை?" ரக்கூன் மலத்தில இருக்கிற உருண்டைப் புழுவின்ர முட்டை ரெண்டு நாலு கிழமையில தொற்றக் கூடியதா மாறும், மனுச மூளை வரைக்கும் போகும். அந்த மேசையிலதான் சாப்பாடும். 2015 கடைசியில ஹமில்ற்றனில ரக்கூன் விசர் நோய் (ரேபீஸ்) திரும்ப வந்ததை மறந்திட்டியளோ? குட்டி உங்கட பிள்ளையைக் கடிச்சால் சோதிக்க அதின்ர மூளை வேணும். உயிரோட எடுக்க ஏலாது. உங்கட அன்புக்கு அந்தக் குட்டிதான் சாகும்.

அனுமதி எடுத்து முறையா வளர்க்கிற காட்டுமிருக மறுவாழ்வு நிலைய ஆக்கள் தனிக்குட்டியா வளர்க்க மாட்டினம். மற்றக் குட்டியளோட சேர்த்து, டிஸ்டெம்பர் எண்ட வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி போட்டு, புழு மருந்து குடுத்து, பால் மறந்த பிறகு வெளிக்கூண்டில விடுவினம். தொட்டித் தண்ணியில மீனைத் தடவிப் பிடிக்கப் பழகோணும், மரம் ஏறோணும், முக்கியமா மனுசரைக் கண்டால் ஓடோணும். நாலு மாசம் தாண்டி, பனிக்கு முன்னம்தான் விடுறது. மடியில படுத்துப் பழகினது காட்டில இன்னொரு ஆளின்ர மடியைத் தேடிப் போகும், அவர் மண்வெட்டியோட நிப்பார்.

"அந்த நிலையங்களுக்கு ஃபோன் அடிச்சால் ஒருத்தரும் எடுக்கினம் இல்லை." மே மாசத்தில எல்லா இடமும் நிரம்பி வழியும். திருப்பி அடியுங்கோ. இரவு ரெண்டு மணிக்கு எழும்பிப் பால் குடுக்கிறதும், நாறின கூட்டைக் கழுவுறதும் சம்பளம் இல்லாத ஆக்கள். அவைக்கு ஒரு லைக் விழாது, ஃபோன் எடுக்கேல்லை எண்டால் மட்டும் கல்நெஞ்சக்காரர். அனுமதி இல்லாதவர் குட்டியை 24 மணித்தியாலத்துக்குள்ள அனுமதி உள்ள ஆக்களிட்ட ஒப்படைக்கோணும் எண்டதைச் சொன்னால் எங்களுக்குத் திமிர்.

வீடியோ போட்டவருக்கு உள்பெட்டியில எழுதினன், பதில் இல்லை. அவரைத் தெரிஞ்ச ஆராவது அந்தக் குட்டியள் இன்னும் இருக்குதுகளோ எண்டு கேட்டு எழுதுங்கோ, கொண்டுபோக இடம் பாத்துத் தாறன். அவரைத் திட்ட வேண்டாம். அதை நான் செய்து முடிச்சிட்டன்.