க்ரூஷோவுக்கு எப்போது சரக்கு தீர்ந்தது?

பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனே, க்ரூஷோ என்ற போலீஸ்காரராக வரும் ஜாந்தார்ம் (பிரெஞ்சு போலீஸ்) பட வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் 1979இல் வந்த வேற்றுக்கிரகவாசிப் படத்தைத்தான் கைகாட்டுகிறார்கள், அங்கேதான் சரக்கு தீர்ந்ததாம். என்னைக் கேட்டால் 1970இல் வந்த நாலாவது படத்திலேயே தீர்ந்துவிட்டது, அதுவும் கையில் அருமையான கதையை வைத்துக்கொண்டே.

1964இல் வந்த முதல் படத்தில் சான் த்ரோபே கடற்கரை, நிர்வாணக் குளியல்காரர்களைப் பிடிக்கப் போர்த்திட்டம் போடும் போலீஸ், காரைத் தாறுமாறாக ஓட்டும் கன்னியாஸ்திரி எல்லாம் உண்டு. ஆனாலும் நம்மைச் சிரிக்க வைப்பது க்ரூஷோவின் பதவிதான். மேலே இருக்கும் ஜெர்பேரிடம் (மிஷேல் கலப்ரூ, என்ன மனிதர்!) கூழைக் கும்பிடு, திரும்பிய அடுத்த நொடி கீழே இருப்பவர்கள்மேல் பாய்ச்சல். மூன்றாவது படத்தில் தேர்வு முடிவு வந்து க்ரூஷோ ஜெர்பேருக்கே மேலதிகாரி ஆகிவிடுவார், அந்தக் கொஞ்ச நேரம் அவர் போடும் ஆட்டத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

நாலாவது படத்தில் மொத்தக் கூட்டத்துக்கும் கட்டாய ஓய்வு. மனைவியின் மாளிகையில் வேலைக்காரர்கள் சூழ, அதட்ட ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லாமல் க்ரூஷோ! இதை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கலாம்! ஆனால் பழைய சகா ஃபுகாஸுக்கு ஞாபகம் போய்விட்டது, திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி பழைய சீருடையை மாட்டிக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் வேலையும் திரும்பக் கிடைத்துவிடும். அவ்வளவுதான், போச்சு.

அப்புறம் ஒன்பது வருட இடைவெளி. நடுவில் 1975இல் த ஃபுனேவுக்கு மாரடைப்பு. ஓட்டமும் குதியாட்டமுமாக உடம்பை வைத்தே பிழைத்த நகைச்சுவைக்கு அந்த உடம்பே ஒத்துழைக்கவில்லை என்றால் கதைதானே தாங்க வேண்டும்? கதையோ எண்ணெய் குடிக்கும், தட்டினால் காலி டப்பா போல் சத்தம் போடும் அயல்கிரக ஆட்கள்! பார்ப்பவரையெல்லாம் தட்டிப் பார்க்கும் க்ரூஷோவுக்காக ஒன்றிரண்டு முறை சிரித்தேன், மறுக்கவில்லை. பழைய சகாக்களாக நடித்த லெஃபேவ்ரும் மரானும் இல்லை, க்ளோத் ஜான்சாக்குக்குப் பதில் மனைவியாக வேறொருவர். இருந்தும் பிரான்சில் 60 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது, பிறகு எந்தத் தயாரிப்பாளர் புதுக் கதை தேடுவார், சொல்லுங்கள்.

1982இல் வந்த ஆறாவது படத்தில் பயிற்சிக்கு வரும் இளம் பெண் போலீஸார், அவர்களைக் கடத்தும் கும்பல், அவ்வளவே. படப்பிடிப்பு முடிவதற்குள் இயக்குநர் ஜான் ஜிரோ இறந்துபோக, உதவியாளர் டோனி அபோயான்ட்ஸ் முடித்துக் கொடுத்தார். 1983 ஜனவரியில் த ஃபுனேவும் போய்விட்டார். அதனால் திட்ட மனசு வரவில்லை, ஆனால் படம் சுமார்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் படத்தையும் மூன்றாவதையும் பாருங்கள். நியூயார்க் போகும் இரண்டாவதை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் போதும், நடுவில் தூங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.