ஜீன் டெஸ்ட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

அக்கா மகனுக்கு 16 வயது. முழங்காலுக்கு மேலே வலிக்குது மாமா என்று நாலு மாதமாகச் சொன்னான், விளையாட்டில் அடிபட்டிருக்கும், வளர்கிற வயசு என்று நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்தால் தொடை எலும்பில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஸ்மால் ரவுண்ட் செல் டியூமர்’, அதாவது சின்ன உருண்டை செல்களால் ஆன கட்டி, என்று மட்டும் இருந்தது.

அது நோயின் பெயரே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. யூயிங் சார்கோமா (பெரும்பாலும் எலும்பில் வரும் புற்றுநோய்), ராப்டோமயோசார்கோமா (தசை வகைப் புற்றுநோய்), சில லிம்போமாக்கள் (நிணநீர் செல் புற்றுநோய்கள்) எல்லாமே மைக்ரோஸ்கோப்பில் நெருக்கமான நீலப் பொட்டுகளாகத்தான் தெரியும், ஆனால் கீமோ மருந்துகளின் கூட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு. சிடி99 என்ற செல் புரதத்துக்கான சாயம் யூயிங்கில் அழுத்தமாகப் பிடிக்கும், ஆனால் சில லிம்போமாக்களிலும் பிடிக்கும். சந்தேகத்தைத் தீர்ப்பது ஜீன்தான். யூயிங்கில் சுமார் 85 சதவீதம் பேருக்கு 11ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, அதில் இரண்டு ஜீன்கள் ஒட்டிப்போயிருக்கும்.

சரி, ‘ஃபிஷ்’ டெஸ்ட்டுக்கு, அதாவது ஜீன் உடைந்திருக்கிறதா என்று ஒளிரும் புள்ளிகளால் காட்டும் சோதனைக்கு, அனுப்பலாம் என்றார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெழுகு, மெழுகுக்குள் நகக்கண் அளவு சதை. அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஒரு குழந்தையைத் தூக்கிப்போவது போல அக்கா லேப்புக்கு எடுத்துப்போனாள். ஒரு வாரம் கழித்து, சாம்பிள் தேறவில்லை என்று பதில் வந்தது.

காரணம் கேட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எலும்பைச் சீவலாக வெட்டுவதற்காகச் சுண்ணாம்புச் சத்தை ஆசிட்டில் ஊறவைத்துக் கரைக்கிறார்கள், அந்த ஆசிட் டி.என்.ஏ.வையும் சிதைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, சுண்ணாம்பை மெதுவாகக் கரைக்கும் இ.டி.டி.ஏ. கரைசலில் போட்டால் கூடுதலாகச் சில நாள் ஆகும், டி.என்.ஏ. தப்பிக்கும். முதல் நாளே யாராவது யோசித்திருந்தால் பையனுக்கு இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியிருந்திருக்காது.

இரண்டாவது தடவை டாக்டர் திரையில் காட்டினார். ஒரே ஜீனின் இரு பக்கங்களைக் காட்டும், ஒட்டியிருக்க வேண்டிய சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் விலகி நின்றன. அந்த ஜீன் உடைந்திருக்கிறது, யூயிங்தான்.

நடுவில் இன்னொரு கொடுமை. ஜீன் டெஸ்ட் என்றதுமே யார் வழியில் வந்தது என்று சொந்தத்தில் பேச்சு, அக்கா தன்னையே நொந்துகொண்டாள். இந்த மாற்றம் கட்டியின் செல்லில் மட்டும் புதிதாக உண்டாவது, அப்பா அம்மா கொடுத்தது இல்லை. பரம்பரையாக வரக்கூடிய புற்றுநோய்களும் உண்டு, அதற்கு ரத்தத்தில் பார்ப்பது வேறு சோதனை.

இளவயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி கட்டி என்றால் ஜீன் டெஸ்ட் வசதியுள்ளவர்களுக்கான கூடுதல் சோதனை இல்லை, நோய்க்குப் பெயர் வைப்பதே அதுதான். எலும்புப் பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள்: ஆசிட் படாமல் ஒரு துண்டு தனியாக வைப்பீர்களா, சதை வைத்த மெழுகுக் கட்டி (பிளாக்) எங்கள் கைக்குக் கிடைக்குமா?