ஜி.ஆர். 86-ஐ மலைக்குக் கொண்டு வந்து ஓட்டிப் பாருங்கள்

டொயோட்டாவின் புதிய ஸ்போர்ட்ஸ் காரான ஜி.ஆர். 86-இல் கொழும்புக் காலி வீதியில் நாலைந்து சிக்னல் தாண்டிவிட்டு, "பழைய 86-ஐ விட இது எவ்வளவோ மேல்" என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் சொல்வது பொய் என்பதல்ல. சமதரையில், கடல் மட்டத்தில், முப்பது பாகை வெயிலில் அந்தக் கார் காட்டும் முகம் வேறு. நுவரெலியா பக்கத்து நானுஓயா ஏற்றத்தில் காட்டும் முகம் வேறு. மலைநாட்டில் வைத்து ஓட்டப்போகிறவர் அதை மலையில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததிலிருந்து இந்தக் காரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒப்பிட வேண்டியவை மூன்று. முதலாவது 1983 முதல் 1987 வரை வந்த ஏ.இ. 86, அதாவது டொயோட்டாவின் கொரொல்லா லெவின், ஸ்பிரிண்டர் ட்ருவேனோ கார்கள். 1,587 சிசி, 4ஏ-ஜிஈ இஞ்சின், எடை 950 கிலோ அளவு. இரண்டாவது 2012-இல் வந்த 86, "பழைய 86" என்று நான் சொல்வது இதைத்தான்: 1,998 சிசி பொக்ஸர் இஞ்சின் (சிலிண்டர்கள் இருபுறமும் கிடையாகப் படுத்திருப்பது), 200 குதிரைவலு, 205 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை (சில்லைச் சுழற்றும் பலம்). மூன்றாவது 2021-இல் அறிமுகமான ஜி.ஆர். 86: 2,387 சிசி, ஜப்பான் பதிப்பில் 235 குதிரைவலு, 250 நியூட்டன் மீற்றர். மூன்றுக்கும் இஞ்சின் முன்னால், இழுவை பின் சில்லில். மூன்றிலும் டர்போ, அதாவது காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும் கருவி, கிடையாது. இந்த டர்போ இல்லாத சங்கதிதான் நமக்கு மிக முக்கியம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம். டர்போ இல்லாத இஞ்சின் வெளியில் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும், அது மெலிந்திருந்தால் வலுவும் குறையும். ஆனால் 20 வீதமும் அப்படியே போய்விடாது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கொழும்பின் 30 பாகையையும் நுவரெலியாவின் 15 பாகையையும் வைத்துக் கணக்குப் போட்டால் நிகர இழப்பு 15 வீதத்துக்குச் சற்று மேல் வரும். இதை எண்களில் வைத்துப் பாருங்கள். ஜி.ஆர். 86-இன் 235 குதிரைவலு நுவரெலியாவில் சுமார் 198 ஆகிறது, 250 நியூட்டன் மீற்றர் சுமார் 211 ஆகிறது. கொழும்பில் ஓடும் பழைய 86-இன் வலு, ஏறக்குறைய அப்படியே! பழைய 86-ஐ மேலே கொண்டு வந்தால் அதன் 200, 170-க்குக் கீழே இறங்கிவிடும். கொழும்பில் பழையதை ஓட்டிப் பழகிய ஒருவர் நுவரெலியாவில் புதியதை ஓட்டிவிட்டு "பெரிய வித்தியாசம் தெரியவில்லையே" என்று சொன்னால் அவர் சொல்வது சரிதான். ஒப்பீடுதான் பிழை. இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் ஓட்டாமல் எதையும் சொல்ல முடியாது.

உச்ச வலுவை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முறுக்கு விசை எந்த ஆர்பிஎம்மில் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்போது) வருகிறது என்பது. பழைய 86-இல் 205 நியூட்டன் மீற்றர் கிடைப்பது 6,400 முதல் 6,600 வரை. அதற்கு முன்னால், 3,500-க்கும் 4,500-க்கும் இடையில் ஒரு பள்ளம் விழும். மிதிப்பீர்கள், சத்தம் ஏறும், கார் ஏறாது. புதியதில் உச்ச முறுக்கு விசை 3,700-இலேயே வந்துவிடுகிறது. மனுவல் கியரில் இரண்டுக்கும் கியர் விகிதம் ஒன்றுதான்: இரண்டாம் கியர் 2.188, கடைசி விகிதம் (கியர்பெட்டிக்கும் பின் சில்லுக்கும் இடையிலானது) 4.1. 18 அங்குல டயரோடு இரண்டாம் கியரில் 3,500 ஆர்பிஎம் என்றால் வேகம் மணிக்கு 45 கிலோமீற்றர் அளவு. லபுக்கலைக்கும் ரம்பொடைக்கும் இடையில் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு ஏறும்போது முள் நிற்கிற இடம் சரியாக இதுதான். பழைய காரின் பள்ளமும் மலைப் பாதையின் வேகமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. தென் அதிவேகப் பாதையில் இந்தக் குறையை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். எங்கள் ஏற்றங்களில் ஒவ்வொரு வளைவிலும் அது முகத்தில் அடிக்கும். புதிய இஞ்சினுக்காக ஒருவர் கூடுதல் பணம் கொடுக்கிறார் என்றால் இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

ஓட்டிப் பார்க்கும்போது இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆளில்லாத, முன்னால் நன்றாகத் தெரிகிற ஒரு ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 40-இல் போங்கள். கியரை மாற்றாமல் மிதியை ஒரே சீராக அழுத்தி 55 வரை கொண்டு போங்கள். ஜி.ஆர். 86 முனகாமல் எழும்பும். பழையது கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும். அப்படிக் குறைத்தாலும் நேராகப் பள்ளத்துக்குள்தான் விழும்.

ஏ.இ. 86 இந்தக் கணக்கில் தோற்றுத்தான் போகும். 130 குதிரைவலு என்று எழுதியிருப்பது அந்தக் காலத்து மொத்த அளவு, அதாவது துணைக் கருவிகள் இல்லாமல் இஞ்சினை மட்டும் அளந்தது. இன்றைய முறையில் அளந்தால் அதிலும் குறைவு. உச்ச முறுக்கு விசை 5,200-இல் வருகிறது. உள்ளிழுப்புக் குழாயில் இருக்கிற மடல்கள் 4,000-ஐத் தாண்டித்தான் திறக்கும், அதுவரைக்கும் அது சாதாரண கொரொல்லாதான். இருந்தாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். புதியதை விட 300 கிலோ குறைந்த உடம்பு, மெல்லிய 14 அங்குல டயர். வளைவுக்குள் போகும்போது முன் டயரின் பிடி எப்போது தளர்கிறது என்று கைக்குத் தெளிவாகத் தெரியும். 30, 35-இலேயே அது உங்களோடு பேச ஆரம்பிக்கும். ஜி.ஆர். 86-இன் ஸ்டியரிங் துல்லியமானது, ஆனால் மின் உதவியில் ஓடுவது. டயர் தரையில் என்ன செய்கிறது என்ற தகவலில் பாதியை வடித்துவிட்டுத்தான் கைக்குத் தருகிறது. பனியில் நனைந்த ஹக்கல வீதியில் அந்தப் பாதித் தகவல் தேவைப்படும். இதில் ஏ.இ. 86-தான் உயர்ந்தது.

ஒப்பிட்டு ஓட்டும் முறைக்கு வருவோம். முதலில் பழைய 86, பிறகு ஜி.ஆர். 86, மறுபடி பழைய 86: இந்த ஒழுங்கை விடாதீர்கள். இரண்டோடு நிறுத்தினால் கடைசியாக ஓட்டியதுதான் மனதில் நிற்கும். மூன்றாவது ஓட்டத்தில்தான் உண்மையான வித்தியாசம் விளங்கும். ஒரே பாதை, ஒரே திசை, ஒரே ஆட்கள், பெற்றோல் தாங்கியிலும் ஒரே அளவு. இரண்டிலும் 95 ஒக்டேன் இருக்கட்டும். பொக்ஸர் இஞ்சின்கள் இரண்டுக்கும் அமுக்க விகிதம் 12.5-க்கு 1. இதற்கு 92 போட்டால், பெற்றோல் தானாகவே தீப்பிடித்துத் தட்டாமல் இருக்க இஞ்சினே தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிக்கொள்ளும். நீங்கள் ஒப்பிடுவது காரையா பெற்றோலையா என்று தெரியாமல் போய்விடும்.

டயர் இன்னும் பெரிய ஏமாற்று. 2012 மாடல் வந்தது 17 அங்குல பிரைமசி டயரோடு. ஜி.ஆர். 86-இன் மேல் ரகத்தில் இருப்பது 18 அங்குல பைலட் ஸ்போர்ட் 4. வளைவில் உணர்கிற வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்த ரப்பருக்கே சேரும். பழைய காரில் ஐந்து வருடத்து காய்ந்த டயர் இருந்தால் ஒப்பீட்டையே கைவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டும் வருடத்தையும் காட்டும். காற்றழுத்தம் இரண்டுக்கும் குளிர்ந்த நிலையில் 35 பிஎஸ்ஐ. கொழும்பில் அடித்த காற்று மேலே வந்ததும் கூடிவிடும் என்று பலர் குறைத்து அடிப்பார்கள். தேவையில்லை. வெளியழுத்தம் குறைவதால் மானியில் 3 பிஎஸ்ஐ அளவு கூடும், குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டும் ஈடாகிவிடும்.

நேரமும் பாதையும் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு கொழுந்து லொறி, எல்லாருக்கும் இருப்பது அந்த ஒரே தார் வீதிதான், நடைபாதை கிடையாது. லயத்து வாசல் வீதியின் விளிம்பிலேயே தொடங்குகிற இடங்கள் உண்டு. வேகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கு மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி போன்ற களங்கள் இருக்கின்றன. விபத்துக்குப் பேர்போன ரதல்ல குறுக்கு வீதியை ஓட்டிப் பார்க்கும் பாதையாக எடுக்கவே வேண்டாம். இந்தப் பதிவில் சொன்ன எந்தச் சோதனைக்கும் 55-க்கு மேல் போகத் தேவையில்லை. ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்று வழி விடுங்கள்.

இறக்கத்தில் பிரேக். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. இரண்டு பேரோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் விடுகிற சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் இருக்கிற சக்தியில் ஏறக்குறைய பாதி. அதை இஞ்சின் வாங்காவிட்டால் டிஸ்க் வாங்க வேண்டும். அதனால் இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். வளைவுக்கு முன் உறுதியாக ஒரு முறை மிதித்து, விட்டு, டிஸ்க்கை ஆற விடுங்கள். காலை மிதியிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் வெப்பம் பிரேக் எண்ணெய் வரை போகும். புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகையிலும் டொட் 4 எண்ணெய் 230 பாகையிலும் கொதிக்கும். ஆனால் இந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த டொட் 3-க்கு 140, டொட் 4-க்கு 155 பாகையே போதும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி தரை வரை அமுங்கும். மிதி கெட்டியாகவே இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பெட் சூடேறி வழுக்குவது. இரண்டும் வேறு வேறு கோளாறு, மருந்தும் வேறு. கினிகத்தேனை, வட்டவளை மாதிரி ஈரப் பக்கங்களில் இருப்பவர்கள் பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

சிறிய விஷயங்கள் சில. ஜி.ஆர். 86-க்குத் தரையிலிருந்து உயரம் 130 மில்லிமீற்றர். தோட்டத்து கொங்கிரீட் பாதையும் வடிகால் மூடியும் முன் உதட்டைப் பிடிக்கும், சாய்வாகத்தான் ஏற வேண்டும். வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் கண்ணாடித் தூண் எதிரே வருகிற வண்டியை மறைக்கும். ஆசனத்தை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு இதை முதலில் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு முறை கிளச்சில் எடுத்துப் பாருங்கள். குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் இரண்டாம் கியர் இறுகி விழுவது இந்தக் கியர்பெட்டியின் இயல்பு, பழுதல்ல. சூடான பிறகும் அரைத்தால்தான் பயப்பட வேண்டும்.

வரி சிசி அளவோடு ஏறுவதால் 2.4 லீற்றர் இஞ்சின் எல்லாருக்கும் எட்டாது. அப்படியானால் பழைய 86-இல் 2016-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த மனுவலைத் தேடுங்கள். அதில் கடைசி விகிதம் 4.1-க்குப் பதில் 4.3, சில்லுக்குப் போகும் இழுவை 5 வீதம் கூடும். பள்ளம் மறையாது, ஆனால் அதிலிருந்து சீக்கிரம் வெளியே வரலாம். ஓட்டோ கியரை இந்த மலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

2012, 2013 தயாரிப்பு 86 ஒன்று மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். வால்வு ஸ்பிரிங் உடையும் அபாயத்துக்காக 2018-இல் அந்த வருடத்து இஞ்சின்களைத் திரும்ப அழைத்தார்கள். வேலை முடிந்ததா என்று சசி இலக்கத்தைக் கொண்டு பாருங்கள். முடிந்திருந்தால் அதை யார், எப்படிச் செய்தார்கள் என்றும் கேளுங்கள். இஞ்சினை இறக்கிப் பிரித்து மறுபடி ஒட்டும் வேலை அது. ஒட்டுப் பசையைக் கூடுதலாக அப்பினால் அது பிய்ந்து, எண்ணெய்த் தட்டுக்குள் எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வடிகட்டி வலையில் போய் அடைக்கும். முற்பணம் கொடுப்பதற்கு முன் எண்ணெய்த் தட்டைக் கழற்றி அந்த வலையை ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.