ஆர்வமில்லை என்று யார் சொன்னது?

"கருப்பினப் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ்ல இன்ட்ரெஸ்ட் கம்மி. சோமாலியா பிள்ளைகளை விளையாட வீட்டுலயே விடமாட்டாங்க." அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களே இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ரிச்மண்ட், சின்சினாட்டி, வாஷிங்டன் வட்டாரங்களில் 9, 10 வயதுச் சிறுமிகள் 2,379 பேரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் கருப்பின, வெள்ளையினப் பிள்ளைகளுக்குள் பெரிய வித்தியாசமே இல்லை. 16, 17 வயதில் ஓய்வுநேர விளையாட்டு, உடற்பயிற்சி எதுவுமே வழக்கத்தில் இல்லாதவர்கள் வெள்ளையினத்தில் 31 சதவீதம், கருப்பினத்தில் 56 சதவீதம். பெற்றோரின் படிப்பு குறைவாக இருந்த வீடுகளில் சரிவு அதிகம். பிறவியிலேயே ஆர்வமில்லை என்றால் ஒன்பது வயதில் ஓடியாடியது யார்?

நீச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பினத்தவரோடு ஒரே தண்ணீரில் இறங்க மனமில்லாமல், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் 1963இல் பொது நீச்சல்குளங்களையே மூடியது. 1971இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பாட்டிக்குக் குளம் இல்லை, அதனால் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. மகளை யார் கூட்டிப் போவது?

அடுத்தது முடி. மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னிய சடை அது. குளோரின் பட்டால் வறண்டு போகும், காயவும் நேரமெடுக்கும். இரண்டாவது பீரியடில் நீச்சல், மூன்றாவதில் கணக்கு என்றால் சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு அவள் வகுப்பில் உட்கார வேண்டும். பதினான்கு வயசுப் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி ஒதுங்காமல் என்ன செய்யும்? அடர்ந்த முடிக்கென்றே செய்த சோல் கேப் தொப்பியை, தலையின் இயல்பான வடிவத்தோடு ஒட்டவில்லை என்று சொல்லி, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் உலக நீச்சல் அமைப்பு நிராகரித்தது. யாருடைய தலையின் இயல்பு? எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2022இல்தான் அனுமதி கொடுத்தார்கள்.

மினியாபொலிஸில் சீடர்-ரிவர்சைடு என்ற பகுதியில் சோமாலியா முதலான கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். அங்கே பெண் பிள்ளைகள் மட்டும் விளையாட ஜிம்மில் தனி நேரம் ஒதுக்கினார்கள். முக்காடு நழுவாமல், நீளப் பாவாடை காலைத் தடுக்காமல் ஓடுவதற்கேற்ற விளையாட்டு உடையை, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் துணையோடு 2015 வாக்கில் அந்தப் பிள்ளைகளே வடிவமைத்தார்கள். மதமும் மாறவில்லை, வீட்டுக் கட்டுப்பாடும் மாறவில்லை. பிள்ளைகள் கூடைப்பந்து ஆடினார்கள்.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒன்பதாவது வந்ததும் "டென்னிஸ் போதும், எஸ்ஏடிக்குப் படி" என்று கல்லூரி நுழைவுத் தேர்வைக் காட்டி மகளிடம் சொல்வோம். அதே வயசு மகனுக்குச் சனிக்கிழமை கிரிக்கெட் தொடரும்.

பிடிஏவில் (பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில்) இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள். நீச்சல் வகுப்பைக் கடைசி பீரியடுக்கு மாற்ற முடியுமா? விளையாட்டு உடை என்ன என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், அதைப் போடப்போகும் பிள்ளைகளை யாராவது கேட்டார்களா?