21ஆம் வசனம் எங்கே என்று கேட்ட பிள்ளைக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. அதற்குக் கீழே நம் ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தபிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். திடப்படுத்தல் வகுப்பு, அதாவது வளர்ந்த பிள்ளைகள் சபையில் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுவதற்கு முன் படிக்கும் வகுப்பு. பதினைந்து வயதுப் பிள்ளை எழுந்து, "ஐயா, என் போன்ல இருக்கிற இங்கிலீஷ் பைபிள்ல மத்தேயு 17இல 20க்கு அப்புறம் நேரா 22 வருது. 21 எங்கே?" என்று கேட்டான். குரலில் ஒரு துளி திமிர் இல்லை. வந்த பதில், "அது சாத்தான் திருத்தின பைபிள். உனக்கு விசுவாசம் இல்லை, உட்காரு." அதற்குக் கீழே ஆமென் ஆமென் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது" என்று எழுதியவருக்கு அறுபது பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பிள்ளை கேட்டதில் தவறே இல்லை. அதற்குப் பதில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில்.

நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமமான பழைய திருப்புதலில் அந்த வசனம், "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்று இருக்கிறது. என்ஐவி (NIV) போன்ற பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அது அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. காரணம், நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வேதாகமக் கைப்பிரதிகளில் மத்தேயுவின் இந்த இடத்தில் அந்த வரி இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியில் இல்லை. சீனாய் மலையடிவார மடத்தில் கிடைத்த சினாய்ட்டிக்கஸ் பிரதியை முதலில் எழுதியவரின் கையெழுத்திலும் இல்லை. ஆனால் இதே சம்பவம் மாற்கு 9இல் வருகிறது. அங்கே 29ஆம் வசனத்தில் அந்த வரி இருக்கிறது. மாற்குவை மனப்பாடமாக அறிந்த ஒருவர் மத்தேயுவைப் படியெடுக்கும்போது, பழகிய வரி கையோடு வந்து உட்கார்ந்துவிட்டது என்பதே அறிஞர்கள் சொல்லும் விளக்கம். இன்னும் நேர்மையாகச் சொன்னால், மாற்கு 9:29இலும் "உபவாசத்தினாலும்" என்ற ஒரு சொல் அந்தப் பழைய பிரதிகளில் இல்லை. "ஜெபத்தினால்" என்பது இருக்கிறது.

படியெடுக்கும்போது இப்படி நடக்குமா என்று கேட்பவர்கள் கர்த்தருடைய ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் சொல்லும்போது "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" என்று முடிப்போம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி தீமையிலிருந்து காக்கும்படி கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இது சண்டைக்கான விஷயம் இல்லை. மத்தேயு 6:13இன் அந்தக் கடைசி வரியும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ஆராதனையில் சபையார் சொல்லிச் சொல்லிப் பழகிய முடிவுரை எழுத்திலும் ஏறிக்கொண்டது. ஒருவரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. ஜெபித்த வாயிலிருந்து வந்த வரி அது.

சரி, எண் ஏன் 20இலிருந்து 22க்குத் தாவுகிறது? வசன எண்களை மத்தேயு போடவில்லை. ராபர்ட் ஸ்தெபானுஸ் என்ற பிரெஞ்சு அச்சாளர் 1551இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் போட்ட எண்கள்தான் இன்றுவரை நாம் புரட்டுவது. அவர் கையிலிருந்த கிரேக்கப் பாடத்தில் அந்த வரி இருந்ததால் அதற்கு 21 என்று எண் கிடைத்தது. பிற்கால மொழிபெயர்ப்பாளர்கள் அதை அடிக்குறிப்புக்கு நகர்த்தியபோது மற்ற எண்களை மாற்றாமல் இடைவெளியை அப்படியே விட்டார்கள். யோசித்துப் பாருங்கள், ஒளிக்க நினைத்தவன் எண்களை வரிசையாக மாற்றிப் போட்டிருப்பான், அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது. இவர்கள் ஓட்டையைத் திறந்து காட்டி, ஏன் என்று பக்கத்தின் அடியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதுவா சாத்தானின் வேலை?

"அப்படியானால் எங்கள் தமிழ் வேதாகமம் தப்பா?" என்று கோபமாகக் கேட்கிறீர்கள். இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கிறது. பழைய திருப்புதலின் தமிழில்தான் நான் ஜெபிக்கிறேன். அதை இழிவுபடுத்துகிறேன் என்று எழுதியவர்களுக்கு என்ன சொல்ல? ஹென்றி பவரும் அவரோடு உழைத்த தமிழறிஞர்களும் முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பு, இன்று நாம் பழைய திருப்புதல் என்பது, 1871இல் வந்தது. அவர்கள் பின்பற்றியது அன்றைக்குச் சபைகள் எல்லாம் ஏற்றிருந்த கிரேக்கப் பாடம். சினாய்ட்டிக்கஸ் பிரதியின் பாடம் முதன்முதலில் அச்சில் வந்ததே 1862இல்தான். பழைய பிரதிகளை ஒப்பிட்டு உருவாக்கிய வெஸ்ட்காட், ஹார்ட் என்ற இரு அறிஞர்களின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வந்தது 1881இல். வராத புத்தகத்தைப் பார்த்து ஒருவர் எப்படி மொழிபெயர்ப்பார்? கையிலிருந்ததை உண்மையாக மொழிபெயர்த்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்வதால் பவரின் உழைப்பு குறைந்துபோகாது.

"சின்னப் பிள்ளைகளிடம் இதெல்லாம் சொன்னால் விசுவாசம் தளர்ந்துவிடும்" என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். தளருவது எப்படி என்று நான் சொல்கிறேன். நாம் பிரசங்க மேடையிலிருந்து "ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஒரு புள்ளிகூட மாறவில்லை" என்கிறோம். பிள்ளை அதை அப்படியே நம்புகிறான். ஒருநாள் போனில் 21ஐக் காணவில்லை. நம்மிடம் கேட்கிறான், நாம் அடக்குகிறோம். அவன் வீட்டுக்குப் போய்த் தேடுகிறான். மூன்று நிமிட வீடியோ ஒன்று, "பாதிரியார்கள் உங்களிடம் மறைப்பது இதுதான்" என்ற தலைப்போடு கிடைக்கிறது. அதில் சொல்லப்படும் பத்தில் ஆறு விஷயம் உண்மை. அந்த ஆறை நாம் முன்பே சொல்லியிருந்தால் மீதி நாலு பொய்யை அவனே கண்டுபிடித்திருப்பான். நாம் சொல்லாததால் பத்தையும் நம்புகிறான். அடுத்த வாரமும் வகுப்புக்கு வருவான், கேள்வி மட்டும் கேட்க மாட்டான். கல்லூரிக்கு வெளியூர் போனதும் ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிடுவான். அப்போது "உலகம் இழுத்துக்கொண்டது" என்று ஜெபக்குறிப்பில் எழுதுவோம். உலகம் இழுக்கவில்லை. நாம்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டோம்.

மிகைப்படுத்திச் சொல்லும் வாக்கியம் முதல் ஆதாரத்திலேயே உடைந்துவிடும். மேடையில் அடிக்கடி சொல்லப்படும் கும்ரான் ஏசாயா சுருளையே பாருங்கள். 1947இல் சவக்கடல் ஓரக் குகையில் கிடைத்தது, கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதுவரை நம்மிடமிருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. அதே ஏசாயாதான், அதே தீர்க்கதரிசனம்தான் என்று வாசிக்கும் எவருக்கும் தெரியும். இவ்வளவும் உண்மை, இதுவே பெரிய சாட்சி. ஆனால் "எழுத்துக்கு எழுத்து அப்படியே" என்று சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டலில் நிறைய வித்தியாசம் உண்டு. 53:11இல் "வெளிச்சத்தைக் காண்பார்" என்ற பொருள்பட ஒரு சொல் அந்தச் சுருளில் கூடுதலாக இருக்கிறது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. இதைக் கேட்டு எந்த விசுவாசம் தளரும்? உயிர்த்தெழுதலை நினைத்து என் மனம் நிறைகிறது.

வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. இப்படிக் கேள்வி வந்தால் முதலில் இரண்டு வேதாகமத்தையும் மேசையில் திறந்து வையுங்கள், ஒன்று பழைய திருப்புதல், ஒன்று அடிக்குறிப்புள்ள மொழிபெயர்ப்பு. அடிக்குறிப்பைப் பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பாதிக் கேள்வி அங்கேயே தீரும். அப்புறம், அந்த வரி இல்லாவிட்டால் எந்த உபதேசம் விழுகிறது என்று வகுப்போடு சேர்ந்து தேடுங்கள். மத்தேயு 17:21 போனால் உபவாசம் போய்விடுமா? மத்தேயு 6:16இல் ஆண்டவரே "நீங்கள் உபவாசிக்கும்போது" என்கிறார், அப்போஸ்தலர் 13:3இல் சபை உபவாசித்து ஜெபம்பண்ணித்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்புகிறது. அப்போஸ்தலர் 8:37இல் எத்தியோப்பிய மந்திரி செய்யும் விசுவாச அறிக்கை பழைய பிரதிகளில் இல்லை, ஆனாலும் இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா ஐரேனியு அதை அறிந்து எழுதியிருக்கிறார், ரோமர் 10:9இல் அதே விசுவாச அறிக்கை அசையாமல் நிற்கிறது. 1 யோவான் 5:7இன் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்பதை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் தன் 1516ஆம் ஆண்டுப் பதிப்பில் போடவே இல்லை, 1522இல்தான் சேர்த்தார். திரித்துவத்தை அந்த ஒரு வரியில் தொங்கவிட்டிருப்பவர் பயப்படத்தான் வேண்டும். மத்தேயு 28:19 எந்தப் பழைய பிரதியிலும் காணாமல் போகவில்லை. மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், யோவான் 8இன் தொடக்கம், இந்த இரண்டு பெரிய பகுதிகளும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து கேட்டால் அதிர்ச்சி, உங்கள் வாயால் கேட்டால் பாடம்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், பைபிள் மாற்றப்பட்டது" என்று எழுதக் காத்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் கிடைத்திருக்கின்றன, சில சிறு துண்டுகள், சில முழு நூல்கள். வேறுபாடுகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலிட்டு அச்சிட்டவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள்தான். எந்த வரியில் ஐயம் உண்டு என்று உங்களுக்குத் தெரிந்ததே எங்கள் அடிக்குறிப்பிலிருந்துதான். சிலுவையும் உயிர்ப்பும் எந்த அடிக்குறிப்பையும் நம்பி நிற்கவில்லை. இதற்கு மேல் உங்களோடு இன்று பேச எனக்குத் தெம்பில்லை, என் வருத்தம் என் வீட்டாரிடம்.

வீட்டார் என்றதும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நினைவுக்கு வருகிறார். பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தபோது கூடவே இருந்து உழைத்தவர் அவர். 1850இல் அந்த மொழிபெயர்ப்பு அச்சில் வந்தது. ஆண்டுக்கணக்கில் வசனம் வசனமாக எங்கள் வேதத்துக்குள் இருந்தவர், நெற்றியில் திருநீற்றோடு சைவராகவே இருந்தார். நான்கு வருடம் கழித்து, 1854இல், எங்கள் ஊழியர்களின் குற்றச்சாட்டுகளுக்கு எங்கள் வேதாகமத்திலிருந்தே வசனம் எடுத்து மறுப்பும் எழுதினார். அவர் சொன்ன முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மறுகரையின் நூலைத் திறந்து படித்ததால் அவருடைய உறுதி கரைந்துபோகவில்லையே. ஒரு சைவருக்கு இருந்த அந்தத் தைரியம், அடிக்குறிப்பை வாசிக்கும் அளவுக்காவது, ஆண்டவரை அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு வேண்டாமா?

தரங்கம்பாடியிலும் இதே கதைதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார், இரண்டு வருடத்தில் அங்கிருந்த டேனிஷ் தளபதியின் கோபத்தால் நான்கு மாதம் சிறையில் இருந்தார், வெளியே வந்து புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார். அதே மனிதர்தான், தம்மை ஏற்காத தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எங்கள் மார்க்கத்தை ஏன் ஏற்கவில்லை" என்று கேட்டுப் பதில் கடிதங்கள் வாங்கினார். அவற்றை ஜெர்மன் மொழியில் ஆக்கி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். எதிர்ப்பவனின் கடிதத்தைக் கூடப் பத்திரப்படுத்திய மனிதர் வழியாக வந்த சபை, சொந்தப் பிள்ளையின் ஒரு கேள்வியைத் தாங்காதா?

என்னை லிபரல் என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆண்டவர் மரித்தோரிலிருந்து எழுந்தார் என்று எழுத்தின்படியே விசுவாசிக்கிறேன், அதில் யாரோடும் பேரம் இல்லை. அந்த ஆசிரியர் பல வருடமாகச் சம்பளமில்லாமல் வகுப்பு எடுக்கிறவர் என்றும் சொல்கிறீர்கள். இருக்கட்டும், நான் மதிக்கிறேன். ஆனாலும் அன்று அவர் செய்தது தவறு.

இன்னும் ஒன்றுண்டு. மத்தேயு 17:21 எந்தச் சம்பவத்தில் வருகிறது? அலைக்கழிக்கப்பட்ட ஒரு மகனை ஆண்டவரிடம் கொண்டுவந்த தகப்பனின் சம்பவம். அதே இடத்தை மாற்கு எழுதும்போது அந்தத் தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில். ஆண்டவர் அவனை உட்காரச் சொல்லவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். யூதாவின் நிருபம் 22ஆம் வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். பழைய திருப்புதலில் "பகுத்தறிவுள்ளவர்களாயிருந்து, சிலருக்கு இரக்கம் பாராட்டி" என்று இருக்கும். சினாய்ட்டிக்கஸிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்தக் கிரேக்கச் சொல்லின் கடைசி விகுதி மட்டும் வேறு. அதன்படி வாசித்தால், சந்தேகப்படுகிறவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று வரும்.

அந்த வீடியோவில் பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரிகிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அவனை அறிந்தவர்கள் யாராவது இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மாற்கு 9ஐயும் மத்தேயு 17ஐயும் சேர்த்து வாசியுங்கள்.